திரும்பி வருவாயா? அயல்நாட்டு வணிக மாணவரிடம் கேட்கப்படும் கேள்வியின் நூறாண்டு

காயல்பட்டினம், கீழக்கரை, அதிராம்பட்டினம், நாகூர் என நம் கடற்கரை ஊர்களில் வெளிநாட்டுப் பயணத்தைச் 'சபர்' என்று சொல்வது வழக்கம். போய் வருபவர் சபுராளி. பர்மாவுக்கும் மலாயாவுக்கும் இலங்கைக்கும் நம் முன்னோர் சென்றது பெரும்பாலும் வணிகம் செய்வதற்காக. அவர்களுடைய பேரப்பிள்ளைகளில் பலர் இன்று வணிகத்தைப் படிப்பதற்காகச் செல்கிறார்கள். முன்னோருக்குக் கப்பல் கட்டணமும், அக்கரையில் உறவினர் ஒருவரின் கடை முகவரியும் இருந்தால் பெரும்பாலும் போதுமாயிருந்தது. இந்தியக் கடவுச்சீட்டுச் சட்டமே 1920-இல்தான் வந்தது. பேரப்பிள்ளையின் கையிலோ ஒரு கனத்த கோப்பு இருக்கிறது: தேர்வு மதிப்பெண், ஆங்கிலத் தேர்ச்சிச் சான்று, பல்கலைக்கழகம் அனுப்பிய ஐ-20 படிவம், வங்கிக் கணக்கு விவரம், கட்டண ரசீதுகள், தூதரக நேர்காணலுக்கான சீட்டு.

இந்தத் தாள்கள் ஒரே நாளில் பிறந்தவை அல்ல. ஒவ்வொன்றும் ஒவ்வோர் ஆண்டில், ஒரு குறிப்பிட்ட தேவையாலோ ஒரு குறிப்பிட்ட அச்சத்தாலோ கோப்புக்குள் நுழைந்தது. வணிக மேலாண்மைப் பட்டமேற்படிப்பின் பிறப்பிடமான அமெரிக்காவை எடுத்துக்கொண்டு அவற்றின் வரலாற்றை இங்கே பார்ப்போம். தொடங்கும் முன் ஒன்றைத் தெளிவாக்கிவிட வேண்டும். மாணவர் கடக்க வேண்டிய வாயில்கள் இரண்டு. பல்கலைக்கழகத்தின் வாயிலில், 'உன்னால் படிக்க முடியுமா?' என்று கேட்கிறார்கள். அரசின் வாயிலில், 'நீ யார்? எப்போது திரும்பிப் போவாய்?' என்று கேட்கிறார்கள். முதல் வாயிலில் வென்ற பிள்ளை இரண்டாம் வாயிலில் தடுக்கப்படும்போது, 'இவ்வளவு மதிப்பெண் எடுத்தும் ஏன்?' என்று நம் வீடுகளில் எழும் திகைப்புக்குக் காரணம், இரண்டையும் ஒன்றென எண்ணுவதே.

முதல் வாயிலின் கதை எளியது, விரைந்து சொல்லிவிடலாம். டார்ட்மவுத் கல்லூரியின் டக் பள்ளி 1900-இலும், ஹார்வர்டின் வணிகப் பள்ளி 1908-இலும் தோன்றின. இரண்டாம் உலகப் போருக்குப் பின் விண்ணப்பங்கள் பெருகியபோது, வெவ்வேறு கல்லூரிகளின் மதிப்பெண்களை எப்படி ஒப்பிடுவது என்ற சிக்கல் எழுந்தது. 1953-இல் ஒன்பது வணிகப் பள்ளிகள் கூடிப் பொதுத் தேர்வு ஒன்றை வகுத்தன. 1954-இல் முதன்முறையாக நடந்த அத்தேர்வுதான் 1976-இல் ஜிமேட் என்று பெயர் மாறியது. ஆங்கிலம் தாய்மொழியல்லாத மாணவர்களுக்கான டோஃபெல் தேர்வு 1964-இல் வந்தது. பணி அனுபவம் வேண்டும் என்ற எதிர்பார்ப்பு பின்னர் வேரூன்றியது. நம் நாட்டின் மூன்றாண்டு இளங்கலைப் பட்டத்தை அமெரிக்காவின் நான்காண்டுப் பட்டத்துக்கு ஈடாகச் சில பள்ளிகள் ஏற்கின்றன, சில ஏற்பதில்லை. பி.காம். முடித்த பிள்ளைகள் விண்ணப்பக் கட்டணம் செலுத்துவதற்கு முன்பே இதை விசாரித்துக்கொள்வது நல்லது.

இத்துறையைக் கிழக்கு நாடுகளுக்கு எடுத்து வந்ததில் அமெரிக்காவின் பங்கு பெரிது. கராச்சியின் வணிக நிர்வாகக் கழகம் 1955-இல் வார்ட்டன் பள்ளியின் துணையுடன் நிறுவப்பட்டது. 1961-இல் தொடங்கிய கல்கத்தா, அகமதாபாத் மேலாண்மைக் கழகங்களுக்கு முறையே எம்.ஐ.டி.யும் ஹார்வர்டும் துணைநின்றன. கோயம்புத்தூரில் பிறந்து, சென்னை லயோலாவிலும் அகமதாபாத்திலும் படித்த சி.கே. பிரகலாத் ஹார்வர்டில் முனைவர் பட்டம் பெற்றார். சென்னைக் கிறித்தவக் கல்லூரி மாணவி இந்திரா நூயி கல்கத்தா வழியாக 1978-இல் யேல் பல்கலைக்கழகத்தின் மேலாண்மைப் பள்ளிக்குச் சென்றார். பிற்காலத்தில் பெப்சிகோ நிறுவனத்தின் தலைமைப் பொறுப்பை ஏற்ற அவர், படிக்கும் காலத்தில் இரவு நேர வரவேற்பாளராக வேலை செய்ததைத் தாமே சொல்லியிருக்கிறார்.

இனி இரண்டாம் வாயில். நம் சிந்தனைக்கு உரியது பெரும்பாலும் இங்கேதான் இருக்கிறது.

1917-ஆம் ஆண்டின் அமெரிக்கக் குடியேற்றச் சட்டம் ஆசியாவின் பெரும்பகுதியைத் தடைசெய்யப்பட்ட வட்டாரமாக அறிவித்தது. இந்தியாவும் அதற்குள் அடங்கியது. ஆனால் சில பிரிவினருக்கு விலக்கு அளிக்கப்பட்டது. மாணவர்கள் அவர்களுள் ஒரு பிரிவினர். 1921-இல் நாடுவாரி ஒதுக்கீட்டுச் சட்டம் வந்தது. கல்வி கற்க வந்தவர்களும் குடியேற வந்தவர்களின் கணக்கிலேயே சேர்க்கப்பட, ஒதுக்கீடு நிரம்பியதும் இடர்ப்பாடுகள் எழுந்தன. 1919-இல் நிறுவப்பட்டிருந்த பன்னாட்டுக் கல்வி நிறுவனமும் அதன் இயக்குநர் ஸ்டீபன் டக்கனும் மாணவர்களைத் தனிப் பிரிவாகக் கருத வேண்டும் என்று அரசிடம் வாதாடினர். 1923-இல் பகத் சிங் திந்த் வழக்கில், இந்தியர்கள் அமெரிக்கக் குடியுரிமை பெறத் தகுதியற்றவர்கள் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதற்கு அடுத்த ஆண்டே, குடியுரிமைக்குத் தகுதியற்றவர் எவரும் குடியேற முடியாது என்ற சட்டம் நிறைவேறியது.

அந்த 1924-ஆம் ஆண்டுச் சட்டத்தில்தான் இன்றைய மாணவர் விசாவின் வித்து இருக்கிறது. குறைந்தது 15 வயது நிரம்பிய, உண்மையான மாணவர், படிப்பு ஒன்றையே நோக்கமாகக் கொண்டு, அரசு ஒப்புதல் பெற்ற ஒரு கல்வி நிறுவனத்தின் பெயரைக் குறிப்பிட்டு வந்தால், ஒதுக்கீட்டுக்கு வெளியே அவரை அனுமதிக்கலாம் என்றது அச்சட்டம். குடியுரிமை மறுக்கப்பட்ட ஆசியருக்கும் இவ்வழி திறந்திருந்தது. ஆனால் அதே துணைப்பிரிவில் மற்றொரு நிபந்தனையும் இருந்தது. மாணவர் படிப்பை விட்டு நீங்கினால் அதைத் தொழிலாளர் துறைச் செயலருக்குத் தெரிவிக்கக் கல்வி நிறுவனம் உடன்பட்டிருக்க வேண்டும். உரிய காலத்தில் தெரிவிக்கத் தவறினால் நிறுவனத்தின் ஒப்புதலே பறிக்கப்படும்.

இந்த நிபந்தனையைச் சற்று நின்று நோக்க வேண்டும். மாணவரைக் கண்காணித்து அரசுக்கு அறிவிக்கும் கடமை பல்கலைக்கழகத்தின்மேல் சுமத்தப்பட்டது 2001-க்குப் பிறகுதான் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். அது நூறாண்டுப் பழைமை உடையது. முஸ்லிம்களை மனத்தில் கொண்டு எழுதப்பட்டதும் அன்று. மாணவராக வந்தவர் தொழிலாளராக மாறிவிடுவாரோ என்ற அச்சமே அதை எழுத வைத்தது; அறிக்கை போய்ச் சேர வேண்டிய இடம் தொழிலாளர் துறை என்பதே அதற்குச் சான்று.

கண்காணிப்பு அமெரிக்காவுக்கு மட்டும் உரியதாகவும் இருக்கவில்லை. அக்காலத்தில் இந்தியர்கள் பிரிட்டிஷ் குடிமக்களாதலால் இலண்டன் செல்ல விசா தேவைப்படவில்லை. 1962-இல்தான் அங்கே காமன்வெல்த் நாட்டினருக்கான கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. ஆயினும் விசா இல்லாத அந்நாளிலும் ஐயம் இருந்தது. இந்திய மாணவர்களின் நிலையை ஆராய 1907-இல் ஒரு குழு அமைக்கப்பட்டது. 1909-இல் அவர்களுக்கென ஒரு தகவல் பணியகம் தோன்றியது. அதே ஆண்டு ஜூலையில் மதன்லால் திங்க்ரா என்ற மாணவர் கர்சன் வில்லியைச் சுட்டுக் கொன்றபின் ஐயம் பன்மடங்காயிற்று. பணியகத்தின் பொறுப்பில் கல்வி ஆலோசகராக இருந்தவர் யார் என்பது நம் வாசகர்களுக்கு வியப்பளிக்கலாம். அலிகர் கல்லூரியில் பத்தாண்டுகள் கற்பித்தவரும், லாகூரில் அல்லாமா இக்பாலின் ஆசிரியராக விளங்கியவரும், இஸ்லாம் பரவிய வரலாற்றை 1896-இல் நூலாக எழுதியவருமான தாமஸ் ஆர்னால்டுதான் அவர். மாணவர்களை நேசித்த ஆசிரியர் ஒருவர் அமர்ந்திருந்தும், அந்தப் பணியகத்தை வேவு பார்க்கும் இடமாகவே இந்திய மாணவர்களில் பலர் கருதினார்கள். உதவும் கையும் கணக்கெடுக்கும் கையும் ஒன்றாக இருந்தால் வேறென்ன நேரும்?

அமெரிக்காவுக்குத் திரும்புவோம். வங்கிக் கணக்கு விவரம் கோப்புக்குள் நுழைந்ததன் பின்னணியில் பெருமந்தக் காலம் இருக்கிறது. வேலையின்மை தலைவிரித்தாடிய 1932-இல், தொழிலாளர் துறைச் செயலர் வில்லியம் டோக் அயல்நாட்டு மாணவர்கள் ஊதியத்துக்கு வேலை செய்வதைத் தடுக்க ஆணையிட்டார். உழைத்துப் படிக்க முடியாது என்றால், படிக்கப் பணம் இருப்பதை முன்கூட்டியே காட்டித்தானே ஆக வேண்டும்? வேலைக்கான விதிகள் பின்னாளில் ஓரளவு தளர்ந்தன; பணத்தைக் காட்டும் விதி நிலைத்துவிட்டது. இன்று ஐ-20 படிவம் கிடைக்க, முதலாண்டின் கல்விக் கட்டணத்துக்கும் வாழ்க்கைச் செலவுக்கும் போதிய பணம் இருப்பதைக் காட்ட வேண்டும். அப்பணம் சேமிப்பாகவோ, உதவித்தொகையாகவோ, உறவினர் ஏற்கும் பொறுப்பாகவோ, கல்விக் கடனாகவோ இருக்கலாம்.

நம் குடும்பங்களின் மனச்சான்று உறுத்தும் இடம் இதுதான். வட்டிக் கடனைத் தவிர்க்க நினைக்கும் தந்தைக்கு, வணிகப் பள்ளியின் கட்டணம் ஒரு வீட்டின் விலையாகத் தெரிகிறது. சிலர் நிலத்தை விற்கிறார்கள். சிலர் குடும்பத்தில் பலரிடம் வட்டியில்லாக் கடன் திரட்டுகிறார்கள். சிலரோ தூதரகத்தில் காட்டுவதற்கென்றே சில வாரங்களுக்கு மட்டும் யாரிடமோ பணம் வாங்கிக் கணக்கில் போட்டு, பின்னர் எடுத்துக் கொடுத்துவிடுகிறார்கள். அதற்கென்றே தரகர்களும் இருக்கிறார்கள். வட்டியைத் தவிர்ப்பதாக எண்ணிக்கொண்டு பொய்ச் சாட்சியத்தில் போய் விழும் வழி இது. மார்க்கத்தின் தீர்ப்பை ஆலிம்களிடம் கேட்டுக்கொள்ளலாம். சட்டத்தின் தீர்ப்பு கடுமையானது. விசாவுக்காக முக்கியமான ஒன்றை வேண்டுமென்றே தவறாகக் காட்டியவர் என்று முடிவாகிவிட்டால், அமெரிக்காவின் கதவு வாழ்நாள் முழுதும் மூடப்படலாம்.

அடுத்து வருவது 1952. அதிபர் ட்ரூமன் மறுத்தும், நாடாளுமன்றம் மீண்டும் வாக்களித்து நிறைவேற்றிய குடியேற்ற, குடியுரிமைச் சட்டம் அது. இன்றும் நடைமுறையில் உள்ள எஃப்-1 விசாவின் இலக்கணம் அதில்தான் எழுதப்பட்டது. மாணவர் என்பவர் தம் நாட்டில் ஒரு வாழிடத்தை உடையவராகவும், அதைக் கைவிடும் எண்ணம் இல்லாதவராகவும் இருக்க வேண்டும். 214(பி) என்ற மற்றொரு பிரிவு அதற்கு வலுச் சேர்த்தது. விசா கேட்டு வரும் எவரையும், அவர் மாறாக நிறுவிக் காட்டும் வரை, குடியேற வந்தவராகவே தூதரக அதிகாரி கொள்ள வேண்டும். குற்ற வழக்கில் குற்றம் சாட்டுபவர் நிறுவ வேண்டும். இங்கே நிறுவும் சுமை விண்ணப்பதாரர்மேல் இருக்கிறது.

சட்டம் கேட்பது எண்ணத்தை, நம் வழக்கில் சொன்னால் நிய்யத்தை. உள்ளத்தில் இருப்பதை அறியும் ஆற்றல் அதிகாரிக்கு இல்லை. ஆகவே அவர் புற அடையாளங்களைத் தேடுகிறார். ஊரில் என்ன தொழில்? குடும்பத்தில் யார் யார்? இந்தப் பட்டத்தைக் கொண்டு திரும்பி வந்து என்ன செய்வாய்? ஏன் இந்தப் பள்ளி? சில நிமிடங்களே நீடிக்கும் நேர்காணல் அது. தந்தையின் தோல் வணிகத்தையோ, குடும்பத்தின் மொத்த வியாபாரத்தையோ விரிவாக்கும் நோக்கத்துடன் போகும் பிள்ளையிடம் உண்மையான விடை இருக்கிறது. ஆனால் மனப்பாடம் செய்து ஒப்பிக்கச் சொல்லித்தரும் பயிற்சியாளர்கள் அந்த உண்மையையும் பொய்போல ஒலிக்கச் செய்துவிடுகிறார்கள்.

சட்டத்திலும் ஒரு முரண் உண்டு. அதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. 'திரும்பிவிடுவேன்' என்று நிறுவச் சொல்லும் அதே நாடு, படிப்பு முடிந்ததும் 12 மாதங்கள் செயல்முறைப் பயிற்சிக்காக வேலை செய்ய இடமளிக்கிறது. அறிவியல், தொழில்நுட்பப் பட்டங்களுக்கு 2008-இல் 17 மாதங்களும், 2016 முதல் 24 மாதங்களும் கூடுதலாகக் கிடைத்தன. வணிகப் பள்ளிகள் சும்மா இருக்குமா? தங்கள் பாடத்திட்டங்களை 'மேலாண்மை அறிவியல்' என்ற வகைப்பாட்டின் கீழ் கொண்டுவந்து, தம் மாணவர்களுக்கும் அந்தக் கூடுதல் காலத்தைப் பெற்றுத் தந்தன. அதன்பின் எச்-1பி என்ற பணி விசா. அமெரிக்காவில் முதுகலை முடித்தவர்களுக்கென்றே அதில் ஆண்டுக்கு 20,000 இடங்கள் தனியாக உண்டு. 1990-ஆம் ஆண்டுச் சட்டம் எச்-1பி பணியாளர்களை 214(பி)-யின் அனுமானத்திலிருந்து விடுவித்தது. மாணவரை மட்டும் விடுவிக்கவில்லை. இருபத்தைந்து வயதில் 'இல்லை' என்று சொல்ல வேண்டிய எண்ணத்தை, இருபத்தெட்டு வயதில் வெளிப்படையாகச் சொல்லலாம்!

இதுவரை பார்த்தவை எல்லா அயல்நாட்டு மாணவர்க்கும் பொதுவானவை. இனிப் பார்ப்பவை முஸ்லிம் நாடுகளின் மாணவர்களைத் தனியே தொட்டவை.

1979-இல் அமெரிக்காவில் படித்த அயல்நாட்டு மாணவர்களில் முதலிடம் ஈரானியருக்கே. 50 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இருந்தனர். அவ்வாண்டு நவம்பர் 4-இல் தெஹ்ரானில் அமெரிக்கத் தூதரகம் கைப்பற்றப்பட்டது. சில நாள்களிலேயே, ஈரானிய மாணவர் அனைவரும் குடியேற்ற அலுவலகத்தில் நேரில் தோன்றி முகவரியும் படிப்பின் நிலையும் தெரிவிக்க வேண்டும் என்று அதிபர் கார்ட்டரின் அரசு ஆணையிட்டது. ஒரு நாட்டினரை மட்டும் பிரித்தெடுப்பது சட்டத்துக்குப் பொருந்தாது என்று டிசம்பரில் மாவட்ட நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே மாத இறுதியில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றி, அரசுக்கு அந்த அதிகாரம் உண்டு என்றது. அயலுறவு நெருக்கடியில், ஒரு மாணவரின் நடத்தையைக் கொண்டன்றி அவருடைய நாட்டைக் கொண்டே கணக்கெடுக்கலாம் என்பதற்கு அப்போது முன்னுதாரணம் கிடைத்துவிட்டது.

1993-இல் நியூயார்க் உலக வணிக மையத்தில் குண்டு வெடித்தது. அதில் தொடர்புடைய ஒருவர் மாணவர் விசாவில் வந்து படிப்பைக் கைவிட்டவர் என்று தெரியவந்தது. 1924-இன் அறிவிப்புக் கடமை தாள்களில் புதைந்து செயலற்றுக் கிடந்ததை அரசு அப்போது உணர்ந்தது. மின்னணு முறையில் தகவல் திரட்ட 1996-இல் சட்டம் இயற்றப்பட்டது. செலவையும் தனியுரிமையையும் காரணம் காட்டிப் பல்கலைக்கழகங்கள் தயங்கின. 2001 செப்டம்பர் 11 அந்தத் தயக்கத்தை அழித்தது. விமானங்களைக் கடத்திய 19 பேரில் மாணவர் விசாவில் நாட்டுக்குள் நுழைந்தவர் ஒருவரே. ஆயினும் ஆறு மாதங்கள் கழித்து, இறந்துபோன இருவருக்கு மாணவர் நிலை வழங்கப்பட்ட அறிவிப்பு புளோரிடாவின் விமானப் பயிற்சிப் பள்ளிக்குத் தபாலில் வந்து சேர்ந்தபோது நாடே கொதித்தது. 2003-இல் செவிஸ் என்ற கணினிப் பதிவேடு கட்டாயமாயிற்று. அதன் செலவும் மாணவர் தலையில்தான்: 2004-இல் 100 டாலராகத் தொடங்கிய கட்டணம் 2019 முதல் 350 டாலர்.

அதே காலத்தில், 16 முதல் 45 வயது வரையுள்ள ஆண்கள் நிரப்ப வேண்டிய ஒரு துணைப்படிவமும் வந்தது. குலப்பெயர் அல்லது இனக்குழுப் பெயர் என்ன என்று அதில் ஒரு கேள்வி இருந்தது. நம் பிள்ளைகளுக்கு இது புதிராகவே இருந்திருக்கும்; நம்மிடம் தந்தை பெயரின் முதலெழுத்து உண்டே தவிர, குடும்பப் பெயர் பெரும்பாலும் கிடையாது. கடவுச்சீட்டில் குடும்பப் பெயருக்கான இடம் வெறுமையாக இருந்தால், அமெரிக்க விசாவில் பிள்ளையின் பெயர் குடும்பப் பெயராக ஏறி, முதற்பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'முதற்பெயர் அறியப்படவில்லை' என்பதன் மூன்றெழுத்துச் சுருக்கம் அமர்ந்துவிடும். வங்கி, ஓட்டுநர் உரிமம், பட்டச் சான்று என்று அது எங்கும் பின்தொடரும். விண்ணப்பிக்கும் முன்பே கடவுச்சீட்டில் பெயரைப் பிரித்துத் திருத்திக்கொள்வது எத்தனையோ அலைச்சலை மிச்சப்படுத்தும்.

2002-இல் தொடங்கிய சிறப்புப் பதிவுத் திட்டம் 25 நாடுகளின் ஆண்களைக் குறிவைத்தது. வட கொரியாவைத் தவிர ஏனைய 24-உம் முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் நாடுகள். பாகிஸ்தான், பங்களாதேஷ், இந்தோனேசியா அப்பட்டியலில் இருந்தன; இந்தியா இல்லை. அமெரிக்காவுக்குள் இருந்த 80 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் தாமாகச் சென்று பதிந்தார்கள். அவர்களில் 13 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர்மீது நாடு கடத்தும் நடவடிக்கை தொடங்கப்பட்டது. சட்டத்தை மதித்து வரிசையில் நின்றவர்களே சிக்கினார்கள். பயங்கரவாதக் குற்றத்துக்காக இத்திட்டத்தின் வழியே தண்டிக்கப்பட்டவர் என்று ஒருவரும் அறியப்படவில்லை. 2011-இல் பட்டியல் நீக்கப்பட்டது. 2016 டிசம்பரில் விதியும் அழிக்கப்பட்டது.

அச்சம் ஒரு திசையில் மட்டும் பாய்வதில்லை என்பதையும் இதே பத்தாண்டில் காண்கிறோம். 2003-04 கல்வியாண்டில் அமெரிக்காவில் அயல்நாட்டு மாணவர் எண்ணிக்கை, ஏறத்தாழ முப்பதாண்டுகளில் முதன்முறையாகக் குறைந்தது. பல்கலைக்கழகங்கள் கவலையுற்றன. 2005-இல் சவூதி அரசு மன்னர் அப்துல்லாஹ் உதவித்தொகைத் திட்டத்தைத் தொடங்கியது. கடத்தல்காரர்களில் 15 பேரின் தாய்நாடான அதே நாட்டிலிருந்து சென்ற மாணவர் எண்ணிக்கை, பத்தாண்டுகளில் 60 ஆயிரத்தைத் தாண்டியது. முழுக் கட்டணத்தையும் ஓர் அரசே செலுத்த முன்வந்தபோது, மூடியிருந்த வாயில் எளிதாகவே திறந்தது.

2017 ஜனவரி 27-இல் ஏழு முஸ்லிம் நாடுகளின் மக்களைத் தடுக்கும் ஆணை வெளியானது. செல்லத்தக்க விசாவைக் கையில் வைத்திருந்த மாணவர்களும் விமான நிலையங்களில் நிறுத்தப்பட்டார்கள். இருமுறை திருத்தப்பட்ட வடிவத்தை 2018 ஜூனில் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் ஏற்றது. 2021 ஜனவரியில் அது விலக்கப்பட்டது. 2025 ஜூனில் புதிய நாட்டுப் பட்டியலுடன் தடை மீண்டும் வந்தது. இதற்கிடையே 2019 முதல் விசா விண்ணப்பத்தில் சமூக ஊடகக் கணக்குகளின் பெயர்களைத் தர வேண்டியதாயிற்று. 2025-இல் மாணவர் நேர்காணல்கள் சில வாரங்கள் நிறுத்தப்பட்டு, அக்கணக்குகளை எவரும் பார்க்கும்படி திறந்துவைக்க வேண்டும் என்ற நிபந்தனையுடன் தொடங்கின. அவ்வாண்டின் வசந்த காலத்தில் ஆயிரக்கணக்கான மாணவர்களின் செவிஸ் பதிவுகள் முன்னறிவிப்பின்றி முடிக்கப்பட்டன. வழக்குகள் குவிந்த பிறகு ஏப்ரல் இறுதியில் மீட்கப்பட்டன. 1924-இல் ஒரு கல்லூரி எழுத்தரின் கடிதமாக இருந்தது, இன்று ஒரு விசைத் தட்டலில் ஒருவரின் படிப்பையே நிறுத்திவிடக் கூடியதாக வளர்ந்திருக்கிறது.

விசா மறுக்கப்படும் மாணவரின் கையில் தரப்படும் தாளில் பெரும்பாலும் காணப்படுவது அந்த 214(பி) என்ற எண்தான். அதைக் கண்டு, பெயரால்தான் மறுத்தார்கள் என்று சில வீடுகள் முடிவு கட்டுகின்றன. பிள்ளைக்குத் தகுதியில்லை என்று வேறு சில. அத்தாள் இவ்விரண்டையும் சொல்வதில்லை. திரும்பி வருவார் என்று அதிகாரிக்கு அன்று தோன்றவில்லை என்பதே அதன் பொருள். அதை எதிர்த்து மேல்முறையீடு கிடையாது. மீண்டும் விண்ணப்பிக்கச் சட்டத்தில் தடையும் கிடையாது. ஆனால் கட்டணத்தை மறுபடி செலுத்த வேண்டும், முதல்முறை சொன்ன விடைகள் அவர்களுடைய பதிவில் அப்படியே இருக்கும்.